பச்சைமலைக்குப் போன மிலிட்டரி லாரி

போனது லாரியில், திரும்பி வந்தது பஸ்ஸில். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் பிள்ளைகள் இரண்டும் ஓடிவந்து, "மலை எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டார்கள். "அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். அந்த அப்புறம் இத்தனை நாளாக வரவேயில்லை. வாயால் சொல்லப் போனால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நோட்டில் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறது. என் பிள்ளைகளுக்காக எழுதத் தொடங்கினேன். அவர்கள் வயதுள்ள மற்றப் பிள்ளைகளும் படித்தால் சந்தோஷம்.

எனக்கு ஸ்ரீரங்கத்தில் வீடு. வேலை லாரி ஓட்டுவது. முசிறிப் பக்கத்திலிருந்து வாழைத்தார் ஏற்றித் திருச்சி மார்க்கெட்டில் இறக்குவேன். என் ரோடெல்லாம் காவிரிக் கரையோடு போகிற ரோடு. உள்ளங்கை மாதிரி சமமாக இருக்கும். மேடு என்று ஒன்று உண்டென்றால் அது காவிரிப் பாலம் ஏறுகிற இடம்தான். மலை என்றால் எங்களுக்கு மலைக்கோட்டை. படி ஏறிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, காற்று வாங்கிவிட்டு இறங்கி வந்தால் தீர்ந்தது. மலையில் வண்டி ஓட்டுவது எப்படி இருக்கும் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

லாரி என்னுடையது இல்லை. பாலக்கரையில் பட்டறை வைத்திருக்கும் ஜப்பார் பாயுடையது. ராணுவத்தில் ஓடி ஓய்ந்துபோனதை ஏலத்தில் எடுத்துவந்து, வருஷக்கணக்காகத் தட்டி, பற்ற வைத்து, உயிர் கொடுத்திருந்தார். என்னைவிட மூத்த வண்டி. மூக்கு நீளமாக முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். கதவுக்குக் கண்ணாடி கிடையாது, தார்ப்பாய்த் துண்டுதான். மற்ற லாரிகளைப் பின் சக்கரம் மட்டும்தான் தள்ளும். இதில் ஒரு கம்பியைப் பிடித்து இழுத்துவிட்டால் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். "பனிமலையில பீரங்கி இழுத்த வண்டி மாப்ள இது. மத்ததெல்லாம் இதுக்குப் பேரப்பிள்ளைங்க" என்பார் பாய். பீரங்கி இழுத்ததை அவர் பார்க்கவில்லை. ஆனாலும் அவர் சொல்லும்போது நம்பாமல் இருக்க முடியாது.

ஓட்டுவது மட்டும் சுலபமில்லை. மற்ற வண்டிகளில் கியர் மாற்ற கிளட்சை ஒரு தடவை மிதித்தால் போதும். இதில் இரண்டு தடவை மிதிக்க வேண்டும். நடுவில் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு. ஒன்று தப்பினாலும் உள்ளே இரும்பு இரும்பைக் கடிக்கிற சத்தம் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பாய்க்குப் பல் கூசும்.

பயணத்துக்குக் காரணம் சடையன். பச்சைமலைக்காரர், என்னைவிடச் சின்னவர். மார்க்கெட்டுக்குப் பலாப்பழம் கொண்டு வரும்போது பழக்கம். அவருக்கு மலை மேலே மரவள்ளிக் காடு; அங்கே கொல்லையைத்தான் காடு என்பார்கள். பலாப்பழம் சில்லறைக் காசு; வருஷம் பூராவும் அவர் வீடு நம்பியிருப்பது அந்தக் கிழங்கைத்தான். போன மழையில் அவர் ஊருக்குப் போகிற மண்பாதை அரித்துப் போய்விட்டது. வழக்கமாக வருகிற வியாபாரி, "லாரி ஏறாது" என்று கையை விரித்துவிட்டார். மலையடிவாரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஜவ்வரிசி ஆலை கிழங்கு வாங்கக் காத்திருக்கிறது. கிழங்கு இறங்க வழியில்லை. நான் ஒருநாள் வாய்ச்சொல்லாக மிலிட்டரி லாரியைப் பற்றிச் சொன்னேன். சடையன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

முதல் நாள் காலையில் கிளம்பினோம். என் மனைவி புளியோதரை கட்டிக் கொடுத்தாள். வெயில் ஏறுவதற்குள் முசிறியைத் தாண்டிவிட வேண்டும் என்று நினைத்தோம். முசிறிக்கு வந்ததும் ரேடியேட்டர் கொதித்து ஆவி விட்டது. ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினோம். டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மா வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னாங்க, சண்டை எங்க நடக்குது? எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லையே?"

"சண்டை முடிஞ்சு போச்சும்மா. நாங்க லேட்டு" என்றார் பாய்.

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்தப் பயணத்தில் மனசு விட்டுச் சிரித்தது அங்கேதான்.

சாயங்காலம் உப்பிலியபுரம். வடக்கே பச்சைமலை படுத்திருந்தது. நம் ஊரிலிருந்து பார்த்தால் புகை மாதிரி தெரிகிற மலை, அங்கே பக்கத்தில் வந்து நின்றுகொண்டு வானத்தில் பாதியை மறைக்கிறது. இதிலா வண்டியை ஏற்றப்போகிறேன் என்று நினைத்தேன். பாயிடம் சொல்லவில்லை.

பரோட்டாக் கடையில் உட்கார்ந்து சடையனுக்குப் போன் போட்டேன். அவர் ஊரில் சிக்னல் கிடையாது. சொல்லிவைத்தபடி ஒரு பாறை மேல் ஏறி நின்று காத்திருந்தார்.

"உப்பிலியபுரம் வந்தாச்சு சடையா. காலைல ஏறிருவோம். நீங்க கிழங்கைப் புடுங்கி ரெடியா வச்சிருங்க. வந்ததும் ஏத்திக்கலாம்."

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. "அப்படியெல்லாம் புடுங்க மாட்டோம்ணே. கருப்பு கோயில் வளைவுல வண்டிச் சத்தம் கேக்கணும். கேட்டாத்தான் செடியில கை வைப்போம்."

"ஏன், என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேல இருக்குண்ணே. வண்டிங்க மேலதான் இல்ல."

கடைக்காரர் அந்த மலைக்கு அடிக்கடி போய்வருகிறவர். சால்னா ஊற்றிக்கொண்டே அந்த வழக்கத்தை விளக்கினார். மரவள்ளி மண்ணுக்குள் இருக்கிற வரைக்கும் மாதக்கணக்கில் கெடாது. பிடுங்கிவிட்டால் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். அப்புறம் உள்ளே நீலக் கோடு விழுந்துவிடும்; எந்த ஆலையும் தொடாது. முன்னே ஒரு வியாபாரி வருகிறேன் என்று சொல்லி எல்லோரையும் பிடுங்க வைத்துவிட்டு வராமல் போனான். அதிலிருந்து மேலே இருக்கிற ஊர்களில் ஒரே முறை. கருப்பு கோயில் வளைவில் வண்டி முக்குகிற சத்தம் மேலே நன்றாகக் கேட்கும். கேட்டதும் ஊரே சேர்ந்து பிடுங்கும். வண்டி போய்ச் சேருவதற்கும் குவியல் சேருவதற்கும் சரியாக இருக்கும்.

"அந்த வளைவைத் தாண்டின வண்டி இதுவரைக்கும் போய்ச் சேராம இருந்ததில்லைங்க" என்றார் அவர்.

இரண்டாம் நாள் விடிந்ததும் ஏறத் தொடங்கினோம். முதலில் தார் ரோடு. வளைந்து வளைந்து போகிறது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறு பக்கம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத பக்கத்தைப் பார்க்காமல் ஓட்டினேன். கிளட்ச் இரண்டு மிதி, ஆக்ஸிலேட்டர் ஒரு தட்டு, ஸ்டியரிங்கை நெஞ்சோடு சேர்த்துத் திருப்பு. என் சட்டை முதல் வளைவிலேயே நனைந்துவிட்டது. எதிரே வந்த பஸ் டிரைவர் எங்களுக்காக ஒதுங்கி நின்று, வண்டியைப் பார்த்து சல்யூட் அடித்தார். கேலிதான். ஆனாலும் பாய் எழுந்து நிற்காத குறையாகப் பதில் சல்யூட் அடித்தார்.

தார் ரோட்டை விட்டு மண்பாதைக்குத் திரும்பியதும் பாய் இறங்கிக்கொண்டார். ஸ்ரீரங்கம் பிள்ளைகளுக்குத் தேருக்குப் போடுகிற முட்டுக்கட்டை தெரியும். அதேபோல ஒரு பெரிய மரக்கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு, லாரிக்குப் பின்னால் நடந்தே வந்தார். வண்டி எங்கேயாவது திணறிப் பின்னால் உருண்டால் சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போட வேண்டும். செங்குத்தான இடத்தில் பிரேக்கை மட்டும் நம்பி இந்த வண்டியை நிறுத்த முடியாது.

கருப்பு கோயில் வளைவு வந்தது. ஒரு மரம், அடியில் நாலு வேல், ஒரு மண் குதிரை. கொஞ்சம் சமதளமான இடம். நிறுத்தினேன்.

"உங்க சாமிக்கு ஒரு ஹாரன் அடி மாப்ள. நான் என் கணக்குக்கு பிஸ்மில்லா சொல்லிட்டேன்" என்றார் பாய், மூச்சு வாங்கிக்கொண்டே.

ஹாரன் அடித்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஒரு குஷியில் ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்து இரைய விட்டேன். அந்தச் சத்தம் எதிரே இருக்கிற மலையில் மோதித் திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் ரொம்ப மேலேயிருந்து ஒரு குரல். "ஊஊஊய்..." அப்புறம் இன்னொன்று. பிறகு பல குரல். பாய் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். நான் பெரிய ஆளாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வளைவைத் தாண்டி இரண்டு திருப்பம் போயிருப்போம். பாதை திடீரென்று நெட்டுக்குத்தாக நின்றது. மழைத் தண்ணீர் நடுவில் வாய்க்கால் வெட்டியிருந்தது. இரண்டு பக்கமும் செம்மண் சேறு, வழுக்குப் பாறை. முன் சக்கரக் கம்பியை இழுத்துவிட்டு, முதல் கியரில் ஏற்றினேன். பாதி ஏறியது. சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. சேறு என் முகம் வரைக்கும் தெறித்தது. வண்டி மெல்லப் பின்னால் வழுக்கியது.

"கட்டை போட்டாச்சு! பிரேக்கை விடாதே!" என்று கத்தினார் பாய்.

மறுபடியும் முயற்சி செய்தேன். பாய் சக்கரத்துக்கு அடியில் கல்லை அடுக்கினார். கல் பின்னால் பறந்தது. மரக்கிளை வெட்டிப் போட்டார். கிளை தூளாகியது. காலிச் சாக்கை விரித்தார். அதுவும் போயிற்று. ஒவ்வொரு தடவையும் நான் ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ஒவ்வொரு தடவையும் வண்டி இன்னும் பெரிதாக அலறியது. மேலேயிருந்து "ஊஊஊய்" என்று பதில் வந்தது. எங்களைத் தைரியப்படுத்துகிறார்கள் என்று நினைத்தேன். அதைக் கேட்டு இன்னும் வீறாப்பாக மிதித்தேன்.

எவ்வளவு நேரம் அப்படிப் போராடினேன் என்று தெரியவில்லை. கடைசியில் காலுக்கு அடியிலிருந்து ஒரு நாற்றம் வந்தது. பழைய சைக்கிள் டயரைக் கொளுத்தியது மாதிரி. இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது, கியர் விழுந்திருக்கிறது, சக்கரம் மட்டும் அசையவில்லை. இன்ஜினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற கிளட்ச் தட்டு கருகிவிட்டது.

பாய் முன்னால் வந்து நின்றார். நாற்றத்தை முகர்ந்தார். ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். நான் இன்ஜினை நிறுத்தினேன்.

அப்போது மேலேயிருந்து ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவர் இறங்கி வந்தார். வண்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இந்த வண்டிதானா! அடேங்கப்பா, என்னா சத்தம்! மேல பாதிக் காடு புடுங்கிட்டாங்க."

"பாதிக் காடா?"

"பின்னே? மொதல்ல சடையன் ஊட்டு ஆளுங்கதான் புடுங்குனாங்க. சத்தம் கூடிக்கிட்டே வருது. கிட்ட வந்துருச்சுன்னு பக்கத்துக் காட்டு ஆளுங்களையும் கூப்பிட்டாங்க. இந்நேரம் முக்காவாசி முடிஞ்சிருக்கும். நீங்க ஏன் நின்னுட்டீங்க?"

பிள்ளைகளே, அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் மிதிக்க மிதிக்க அவர்கள் பிடுங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நான் சிக்கிக்கொண்டு அலறவிட்ட சத்தம் அவர்களுக்கு நான் நெருங்கி வருகிற சத்தமாகக் கேட்டிருக்கிறது. முதல் வழுக்கலிலேயே இன்ஜினை நிறுத்தியிருந்தால், நாலு செடியோடு போயிருக்கும்.

போனில் சிக்னல் இல்லை. ஓடினேன். சமதளத்தில் வளர்ந்த கால்கள் எனக்கு. கொஞ்ச தூரத்திலேயே நெஞ்சு வலித்தது. கையை ஊன்றி ஏறினேன். "நிறுத்துங்க!" என்று கத்தினேன். மூச்சில்லாத குரல் எனக்கே கேட்கவில்லை. மேலேயிருந்து பாட்டும் சிரிப்பும் மட்டும் வந்துகொண்டிருந்தன.

காட்டின் ஓரத்துக்குப் போனேன். பாதையை ஒட்டி, லாரி வந்து நிற்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில், கிழங்கு மலையாகக் குவிந்திருந்தது. மண்ணைத் தட்டி, ஒழுங்காக அடுக்கியிருந்தார்கள். காட்டில் ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் செடி நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு பேர் அதையும் பிடித்து இழுத்தார்கள்.

சடையனின் மனைவி பொன்னி என்னைப் பார்த்ததும் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தார்.

"வாங்கண்ணே. ஏன் நடந்து வரீங்க? வண்டி எங்க?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. ஒருவர் கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தார். பாட்டு நின்றது. சடையன் பாதைப் பக்கம் போய்க் கீழே எட்டிப் பார்த்தார்.

"சத்தம் வந்துச்சேண்ணே" என்றார். அவ்வளவுதான்.

திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

எல்லோரும் கயிற்றோடு இறங்கினார்கள். வண்டியை மேலே இழுத்துப் பார்த்தார்கள். காலியாக இருந்தும் அந்த இரும்பு ஒரு முழம்கூட நகரவில்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அன்று சாயங்காலம் பொன்னி எனக்கும் பாய்க்கும் சாமைச் சோறும் மிளகாய்த் துவையலும் வைத்தார். நம் வீட்டு அரிசிச் சோறு மாதிரி வழுவழுப்பாக இருக்காது. மணல் மாதிரி உதிரும், நல்ல ருசி. எனக்கு இரண்டு உருண்டைக்கு மேல் இறங்கவில்லை.

"சாப்பிடுங்கண்ணே. சோறு என்ன பண்ணுச்சு?" என்றார் பொன்னி.

மூன்றாம் நாள் பாய் முதல் பஸ்ஸில் திருச்சிக்கு ஓடினார், கிளட்ச் தட்டு தேடி. என் லாரி நிற்கிற இடம் வரைக்குமாவது ஒரு லோடு வண்டி ஏறுமா என்று சடையன் பாறை மேல் நின்று போன் போட்டுக்கொண்டே இருந்தார். பாதையைச் சொன்னதும் எல்லோரும் வைத்துவிட்டார்கள். தார் ரோடு வரைக்கும் வருகிறேன் என்று ஒரே ஒருவர் சொன்னார். சின்ன லோடு வண்டி. சரி, தலையில் சுமந்தாவது அங்கே கொண்டு சேர்ப்போம் என்று ஊர் கிளம்பியது. நானும் ஒரு மூட்டை தூக்கினேன்.

மழையில் அந்தப் பாதை சோப்புப் போட்ட தரை மாதிரி இருந்தது. வாழைத்தார் தூக்கிப் பழகிய தோள்தான் எனக்கும். ஆனால் முசிறியில் கொல்லையிலிருந்து லாரிக்கு நாலு எட்டு நடந்தால் போதும். இங்கே ஒரு மூட்டையைக் கீழே சேர்த்துவிட்டுத் திரும்பி ஏறுவதற்குள் பொழுதே பாதி போய்விடுகிறது. மத்தியானத்துக்கு மேல் ஒருவர் மூட்டையோடு வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிவிட்டது. அவரைக் கட்டிலில் படுக்க வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். என் லாரி பாதையை அடைத்துக்கொண்டு நின்றதால், கட்டிலைப் பக்கத்துப் புதர் வழியாகச் சுற்றித் தூக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு சடையன் சுமையை நிறுத்தச் சொல்லிவிட்டார். லோடு வண்டி போய்விட்டது. மேலே குவியலைப் பார்த்தால் எடுத்த மாதிரியே தெரியவில்லை.

இருட்டுவதற்கு முன்னால் பாய் வந்து சேர்ந்தார். வெறுங்கை. பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கியிருக்கிறார். "இந்த வண்டிக்குத் தட்டு கேட்டா, மியூசியத்துல போய்க் கேளுங்க பாய்ங்கிறான் ஒருத்தன்." சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

சடையன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, வண்டிதான் மேல ஏறாது. வண்டிகிட்ட வரைக்கும் நாங்க சுமந்து வந்து ஏத்திர்றோம். அது கொஞ்ச தூரம்தான். லோடோட அப்படியே உருட்டிக் கீழ இறக்கிட முடியாதா?"

முடியும் என்று சொல்லத்தான் என் வாய் துடித்தது. பாயைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளட்ச் போன வண்டியை இறக்கத்தில் இன்ஜின் பிடித்து நிறுத்தாது. அத்தனை எடையோடு அந்த வளைவுகளில் பிரேக் மட்டும் தாங்காது. ஒரு வளைவில் தவறினால் நானும் போவேன், எதிரே பஸ் வந்தால் அதிலிருப்பவர்களும் போவார்கள்.

"முடியாது சடையா" என்றேன்.

"சரிங்கண்ணே" என்றார். உடனே எழுந்து போகவில்லை. ஒருவேளை நான் மனசு மாறுவேன் என்று காத்திருந்தாரோ என்னவோ. அப்புறம் போனார்.

நான்காம் நாள் காலையில் பொன்னி ஒரு கிழங்கை எடுத்து முழங்காலில் வைத்து ஒடித்தார். வெள்ளைச் சதைக்குள்ளே நீலக் கோடுகள், கை நரம்பு மாதிரி. இன்னொன்றை ஒடித்தார். அதிலும் அப்படியே. மழை ஈரமும் குவியலின் சூடும் சேர்ந்துகொண்டன. சீவிக் காயப் போடலாம் என்றால் வெயில் இல்லை. மூன்றாவதை ஒடிக்காமல் கீழே போட்டார். பிறகு ஓரமாக உட்கார்ந்து, செடியின் குச்சிகளை வெட்டிக் கட்டுக் கட்டாகக் கட்டத் தொடங்கினார். அந்தக் குச்சியைத்தான் அடுத்த வருஷத்துக்கு நடுவார்கள்.

"மறுபடியும் இதையேதானா போடுவீங்க?" என்று கேட்டேன்.

"இந்த மண்ணுக்கு வேற எது வருது?" என்றார், தலை நிமிராமல்.

சடையன் ஊர் ஆட்களைக் கயிற்றோடு கூட்டி வந்தார். "வண்டியைக் கருப்பு கோயில் வரைக்கும் இறக்கி ஓரங்கட்டிருவோம்ணே. யாருக்காவது உடம்பு முடியலைன்னா தூக்கிக்கிட்டுப் போக வழி வேணும்ல."

கிழங்கு போன வீட்டுக்காரரே எங்கள் வண்டியையும் இறக்க வந்து நிற்கிறார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. வண்டியின் முன்பக்கத்தில் கயிறுகளைக் கட்டினார்கள். மேட்டுப் பக்கமாக நின்று அவர்கள் பிடித்துக்கொள்ள, வண்டி பின்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டும். பாய் கீழே முட்டுக்கட்டையோடு நின்றார். நான் ஏறி உட்கார்ந்து சாவியில் கை வைத்தேன். இன்ஜின் ஓடினால்தான் பிரேக் முழுதாகப் பிடிக்கும்.

சடையன் ஓடி வந்து ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணே."

"ஏன்?"

"இன்னிக்கு எதிர்மலைக்காரங்க கிழங்கு புடுங்குற நாள். அவங்களுக்கு அந்தப் பக்கமா வேற லாரி வரணும். அவங்களும் சத்தத்துக்குத்தான் காத்துக்கிட்டு இருப்பாங்க. நம்ம வண்டிச் சத்தத்தைக் கேட்டுட்டு அவங்க லாரின்னு நெனச்சுப் புடுங்கிட்டாங்கன்னா?"

நான் பாயைப் பார்த்தேன். "இன்ஜின் இல்லாம பிரேக் பாதிதான் நிக்கும் சடையா. கயிறு விட்டுச்சுன்னா அவ்வளவுதான்" என்றார் பாய்.

"கயிறு விடாது பாய்" என்றார் சடையன்.

இறக்கினோம். ஸ்ரீரங்கத்தில் தேர் இழுக்கும்போது ஊரே "ரங்கா ரங்கா" என்று முழங்குமே, இங்கே அத்தனை பேர் கயிற்றைப் பிடித்திருந்தும் ஒரு வாய் திறக்கவில்லை. கைகாட்டித்தான் பேசிக்கொண்டார்கள். கயிறு முறுகுகிற சத்தமும் கல் நசுங்குகிற சத்தமும்தான். பொன்னியும் கயிற்றில் இருந்தார். சேற்றில் கால் புதைத்து, பின்னால் சாய்ந்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு பிடித்திருந்தார். நான் பிரேக்கில் முழு எடையையும் வைத்துக்கொண்டு அவர்களையே பார்த்தபடி பின்னால் பின்னால் போனேன். கொஞ்சம் இறங்கும், பாய் கட்டை போடுவார், எல்லோரும் மூச்சு விடுவார்கள். மறுபடியும் கொஞ்சம்.

பாதி இறங்கியிருப்போம். எதிர் மலையில் ஒரு பாறை மேல் யாரோ ஏறி நின்றார்கள். சின்னப் புள்ளியாகத் தெரிந்தது. நம் ஆட்கள் கயிற்றோடு கூடியிருப்பதைப் பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. பள்ளத்தாக்கைத் தாண்டி ஒரு குரல் மெல்ல மிதந்து வந்தது.

"சடையாஆஆ... வண்டி வந்துருச்சாஆஆ?"

சடையன் ஒரு கையைக் கயிற்றிலிருந்து எடுக்காமல், இன்னொரு கையை வாய்க்குக் குவித்தார்.

"வண்டி இல்லேஏஏ! புடுங்காதீங்கோஓஓ!"

பதில் வரும் வரைக்கும் அப்படியே நின்றார். "சரீஈஈ" என்று வந்தது. புள்ளி பாறையிலிருந்து இறங்கி மறைந்தது. சடையன் என்னைப் பார்த்து, இறக்கலாம் என்று கையைக் காட்டினார். நான் பிரேக்கைத் தளர்த்தினேன்.